பின்பலகையில் எழுதிய தேதிகள்

இருபத்தாறு வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே எது ஓடாமல் நின்றாலும் கை பரபரக்கும். எனக்கும் அந்த வியாதி இருக்கிறது. ஆனால் என் வீட்டில் எதுவும் எனக்காகக் காத்து நிற்கவில்லை. குழாய்க்கு வாஷர் போடுவதும், கிணற்று மோட்டாருக்கு ஃபியூஸ் கட்டுவதும், மிக்சி பிளக்கை மாற்றுவதும் என் மனைவியே முடித்துவிடுவாள். நான் ஸ்பானரோடு போய் நின்றால், "நீங்க சும்மா இரியுங்க" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். அந்த மரியாதையைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் லீவில் வந்த ஆளைப் போல நல்ல தட்டில் சோறும், குளிக்கச் சுடுதண்ணீரும், மாலை நாலு மணிக்குக் காப்பியும் கிடைக்கின்றன. வேலை மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கத்தில். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக ஒரு வால்வு ரேடியோ உண்டு. வாத்தியாராக இருந்த என் மாமனார் வாங்கியது. எங்கள் கல்யாணத்தின்போது தன் மகளோடு அதையும் அனுப்பிவைத்தார். தேக்குப் பெட்டி, முன்பக்கம் மஞ்சள் துணி, கீழே நாலு வெள்ளைப் பொத்தான். சுவிட்சைப் போட்டவுடன் பேசாது. உள்ளே வால்வுகள் சூடேறி, அரை நிமிஷம் கழித்துத்தான் வாயைத் திறக்கும். காலையில் அடுப்பு பற்றுவதும் ரேடியோ பேசுவதும் எங்கள் வீட்டில் ஒன்றாகத்தான் நடக்கும். தமிழோ மலையாளமோ, எது வந்தாலும் அவள் கேட்பாள். நான் எதையாவது சொன்னால் தலையைத் திருப்பாமல் "ம்" என்பாள். ரேடியோ சொன்னால் பதிலே சொல்வாள். "இண்ணைக்கும் மழையா, கொள்ளாம்" என்று அதனிடம் அவள் பேசுவதைக் கேட்டு, ஒரு மரப்பெட்டியின் மேல் பொறாமைப்பட்டவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ரேடியோ உறுமத் தொடங்கியது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். நாளாக நாளாக உறுமல் பெரிதாகிப் பாட்டு சிறிதாகி, கடைசியில் உறுமல் மட்டும் மிஞ்சியது. அதே சமயம் அவளுக்குக் கண்புரை ஆப்பரேஷன். ஒரு மாதம் குனியக் கூடாது, அடுப்பில் ஊதக் கூடாது, கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, "அது அங்கின கெடக்கட்டு. கண்ணு செரியாவட்டு, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இவள் என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். வாயில்லாமல் கிடக்கிற ரேடியோ எனக்குக் கடவுள் கொடுத்த சந்தர்ப்பம் என்றும் நினைத்தேன். அந்த ஒரு மாதத்துக்குள் அதைப் பேச வைத்துவிட வேண்டும். இந்த வீட்டில் ஒரு சாமானாவது என் கையால் ஓட வேண்டும். அதைக் கேட்டு அவள் ஒரு தடவை என் பக்கம் முகத்தைத் திருப்பி, கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் பின்பலகையைக் கழற்றினேன். ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைப் பலகை. அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைத் திறந்து வேலை செய்தால் பின்பலகையின் உட்புறம் பென்சிலால் தேதியைப் போட்டுக் கையெழுத்தும் வைப்பார்கள். அடுத்துத் திறக்கிறவனுக்கு, எப்போது யார் கை வைத்தது என்று தெரிவதற்காக. இதிலும் இருந்தது. மேலே அடுத்தடுத்து இரண்டு நாள் தேதிகள், பக்கத்தில் கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே, சில வருஷ இடைவெளி விட்டு விட்டு, மூன்று தேதிகள். உருண்டையான எண்கள். கையெழுத்து இல்லை.

உள்ளே தகரத் தட்டின் மேல் பழைய அலுமினியக் குழல் ஒன்று நின்றது. அதுதான் ரேடியோவின் முதல் கண்டென்சர். சுவரிலிருந்து வரும் கரண்ட் ஏறி இறங்கி ஆடும் கரண்ட். அதை ஆடாமல் நிறுத்திக் கொடுப்பது கண்டென்சரின் வேலை. அது காய்ந்துபோனால் ஆட்டம் உறுமலாகக் கேட்கும். யாரோ அந்தக் குழலை அழகுக்கு அப்படியே நிற்கவிட்டு, அதன் வயர்களை வெட்டி, தட்டின் அடியில் இரண்டு புதுக் கண்டென்சர்களைப் பற்றவைத்திருந்தார்கள். அவையும் இப்போது பழசாகி வீங்கியிருந்தன. வேலை சுத்தம். ஆனால் வயர்களையெல்லாம் வெள்ளை நூலால் வரிசையாக, ஒரே இடைவெளியில், சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"எட்டி, இத எவனோ தையக்காரன் செஞ்சிருக்கான். நூலு போட்டுல்லா கெட்டி வச்சிருக்கான்!" என்று கத்தினேன். "யாரு வந்து செஞ்சது?"

அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"தெரியல்ல" என்றாள்.

"தெரியாம எப்பிடி? வீட்டுக்குள்ள வந்த ஆளத் தெரியாதா? ஒரு தடவையில்ல, மூணு தடவ செஞ்சிருக்கு. யாரு வந்தது?"

எட்டிப் பார்த்தேன். தேங்காய் மூடியை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டிருந்தாள். கண்ணாடி போடாமல் வெயிலில் போகிறாளே என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் மார்த்தாண்டத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இரண்டு கண்டென்சர் வாங்கினேன். எத்தனை மைக்ரோ, எத்தனை வோல்ட் என்று பார்த்து, வோல்ட் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினேன். அதிலெல்லாம் நான் கெட்டிக்காரன். பழையதில் மிச்சமிருக்கும் கரண்டை வடிய விட்டுத்தான் கை வைத்தேன். பற்றவைப்பும் பளபளவென்று வந்தது. நூலையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு, நல்ல பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினேன்.

இங்கேதான் சறுக்கினேன். இருபத்தாறு வருஷத்தில் நான் மாற்றிய கண்டென்சர்களுக்குக் கணக்கில்லை. எல்லாம் ஏசி மோட்டாருக்குப் போடுகிறவை. அவற்றுக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. எந்தக் காலை எந்த வயரில் கொடுத்தாலும் மோட்டார் ஓடும். மொட்டை மாடியில், ஐம்பது டிகிரி வெயிலில், கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவன் நான். ரேடியோவில் இருப்பது வேறு சாதி, அதற்குப் பிளஸ் கால் மைனஸ் கால் என்று உண்டு என்பதை எப்போதோ ஐடிஐயில் படித்தது. படித்தது அங்கேயே கிடந்தது. கை பழகியபடி போனது.

சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. "எட்டி, இஞ்ச வா! கேளு!" என்று கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அரை நிமிஷம் ஆயிற்று. ரேடியோ பேசவில்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம், அடுத்து திருவிழா வெடி போல ஒரு வெடி. கூரை வரை வெள்ளைப் புகை. காகிதச் சுருளும் பஞ்சுமாக மேசையெல்லாம் சிதறி, கருவாட்டைச் சுட்டது போல ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "சவம்! கள்ளச் சாமானத் தந்து ஏமாத்திட்டான்!" என்று கடைக்காரனைத் திட்டினேன்.

அவள் திட்டவும் இல்லை, பயப்படவும் இல்லை. சன்னலைத் திறந்துவிட்டாள். புகை போகும் வரை காத்திருந்தாள். பிறகு வெடிக்காத இன்னொரு கண்டென்சரை நல்ல கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எந்தக் கால எங்க குடுத்திய?"

"கண்டென்சருக்கு என்னட்டி காலும் கையும்?"

"இதுக்கு உண்டு. இந்த வெள்ளக் கோடு மைனஸு. நீங்க மாத்திக் குடுத்திருக்கிய." ஒரு வால்வைத் துணியால் பிடித்து அசைத்துக் கழற்றினாள். "இதும் செத்துப் போச்சாண்ணு பாக்கணும். நாளைக்குக் கோட்டாத்துக்குப் போவணும். நானும் வாறேன்."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தவள். கல்யாணத்துக்கு முன் சபைப் பெண்களோடு உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தவள். லேஸ் என்று நினைத்தவுடன் அந்த வெள்ளை நூல் முடிச்சுகள் ஞாபகம் வந்தன. கீழே பார்த்தேன். நான் அறுத்துப் போட்டவை மேசைக்கு அடியில் கிடந்தன.

இரவெல்லாம் கேட்க நினைத்துக் கேட்காமல், காலையில் பஸ் ஏறினோம். கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத கடை. கூரை வரை அட்டைப் பெட்டிகள். உள்ளே இருந்த வயசான கடைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாருங்க தங்கச்சி. எத்தன வருசமாச்சு! கண்ணுக்கு என்ன? பெட்டி பேசுதா?"

"பேசல்ல அண்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

"இது?"

"எங்க வீட்டுக்காரரு."

"ஓ, வெளிநாட்டு ஆளு. வந்தாச்சா?" என்றார். நாலு வருஷமாயிற்று என்று சொல்ல நாக்கு வரவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கடையில் என் மனைவிக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. நான் சந்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் வால்வையும் வெடித்த கண்டென்சரையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் வால்வை ஏதோ ஒரு பழைய மீட்டரில் குத்திப் பார்த்து, "பிழைச்சிட்டு" என்றார். கண்டென்சரைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறியது.

"பிளஸ்ஸ மைனஸ்ல குடுத்திருக்கே. இத யாரு செஞ்சது?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான்தான் அண்ணே. ஆப்பரேஷன் கழிஞ்ச கண்ணு. கோடு செரியாத் தெரியல்ல."

"நீங்களா?" என்று அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்தது என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. ஒட்டடை படிந்த அட்டைப் பெட்டிகளை எண்ணுவது போல நின்றேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பார்வதிபுரம் தாண்டியதும் கேட்டேன். "என்னத்துக்கு என் தப்ப நீ ஏத்துக்கிட்ட?"

"நாலு பேரு முன்னால ஒருத்தரு தலை குனிஞ்சா எப்பிடியிருக்கும்ணு எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இந்த வேலையெல்லாம் எங்கே கற்றாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போன்ல நீங்க கேட்டது ஓர்மையுண்டா?"

"எது?"

"பெட்டி ரிப்பேராச்சு, ஒரு ஆளு ரெண்டு நாளு வந்து செரியாக்கித் தந்தாருண்ணு சொன்னேன். 'நான் இல்லாத வீட்டுல எவன் வந்தான்?'ணு கேட்டிய."

ஓர்மை வந்தது. இல்லை என்று சொல்ல வழியில்லை. நான் போய் இரண்டாவது வருஷம். ஒரே அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். வெள்ளிக்கிழமை லீவு நாளில் யாராவது ஒருவன் இன்னொருவன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு கதையைக் கொண்டுவருவான். அந்த வாரமும் ஒரு கதை வந்திருந்தது. அதை மண்டையில் வைத்துக்கொண்டு காசு போட்டுப் பேசும் போனில், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டுக் கேம்புக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். அடுத்த வாரமே மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குத்தான் போன் செய்வேன். அவர்கள் ஓடிப்போய் அவளைக் கூட்டிவருவார்கள்.

"நீங்க கத்துனது போனுக்கு வெளிய கேட்டுது" என்றாள். கோபமே இல்லாமல், சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "அந்த வீட்டு அக்கா சோறு தின்னுக்கிட்டு இருந்தா. வாய்க்குக் கொண்டுபோன கை அப்பிடியே நிண்ணுபோச்சு. அவ மாமியாரு எழும்பி உள்ள போனா. நான் போன வச்சிட்டு, 'சொகமா இருக்காருண்ணு சொன்னாரு'ண்ணு சொல்லிட்டு வந்தேன்."

நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குப் பொறவு நான் ஒரு ஆம்பளையையும் படி ஏற விட்டது இல்ல. கரண்டுக்கும் இல்ல, மோட்டாருக்கும் இல்ல. அடுத்த தடவ பெட்டி நிண்ணப்போ சாக்குப் பையில வச்சுக் கோட்டாத்துக்குக் கொண்டுபோனேன். எனக்குச் சொல்லித் தாருங்க, என் வீட்டுக்கு யாரும் வரப்பிடாதுண்ணு அந்த அண்ணன்கிட்ட சொன்னேன். பேப்பர்ல வரைஞ்சு தந்தாரு."

தக்கலை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். "மன்னிச்சிரு" என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, அதை எப்படிச் சொல்வது? நாலு வருஷமாக நான் எரிச்சல்பட்ட 'சும்மா இரியுங்க' எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்தது. குழாய், மோட்டார், மிக்சி எல்லாம் அவள் ஆசைப்பட்டுக் கற்றவை இல்லை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக் கற்றுக்கொடுத்தவை. முந்தாநாளும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவள் பின்வாசல் வழியாகப் போனது வெயிலுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்தோம். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கோட்டாற்றில் வாங்கிய புதுக் கண்டென்சர்களை நான் பற்றவைத்தேன். "வெள்ளக் கோடு தகரத்துக்கு. மத்தது செவப்பு வயருக்கு. இன்னொருக்கா பாருங்க." இன்னொரு தடவை பார்த்தேன். உடனே பிளக்கைக் குத்தப் போனபோது தடுத்து, மச்சிலிருந்து ஒரு பலகையை எடுத்துவரச் சொன்னாள். பழைய குண்டு பல்பு ஒன்றும் ஒரு பிளக் பாயின்டும் பொருத்திய பலகை. போன வருஷம் மச்சைச் சுத்தம் செய்தபோது குப்பை என்று நான் எறியப் போக, கையிலிருந்து பிடுங்கி வைத்தாளே, அதுதான். ரேடியோவுக்குப் போகும் கரண்ட் அந்தப் பல்பு வழியாகப் போகும். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ பிழைத்துக்கொள்ளும். என் தொழிலிலும் உள்ள வித்தைதான். என் வீட்டு மச்சில் இருந்ததை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. "செரி, இனி நேராக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அரை நிமிஷம். உறுமல் இல்லை. மலையாளத்தில் ஒருவர் வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொள்ளாம் என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

வயர்கள் மட்டும் கலைந்து கிடந்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான் போட்ட பிளாஸ்டிக் டைகளை வெட்டி எடுத்தேன். அவளுடைய தையல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. விரலால் தடவித் தடவி, ஒரே இடைவெளியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள். நான் நூலை மெழுகில் இழுத்து இழுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் பின்பலகையைக் கையில் எடுத்தேன். கையெழுத்தில்லாத அந்த மூன்று தேதிகளைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் எனக்கு வந்த கடிதங்களின் தலையில் இதே உருண்டை எண்களில்தான் தேதி இருந்தது. எத்தனை நூறு கடிதம்! தெரிந்துகொள்ளவில்லையே பாவி என்று இருந்தது. பென்சிலைச் சீவி, நாலாவதாக அன்றைய தேதியைப் போட்டேன்.

"இந்த நாலுக்கும் பக்கத்துல உன் பேர எழுதட்டா?" என்று கேட்டேன். "திறந்து பாக்குதவன் தெரிஞ்சுக்கிடட்டு."

அவள் ஊசியை நூல்கண்டில் குத்திவைத்துவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்க பேரு வேண்டாம்" என்றாள். "யாரும் வரல்லண்ணு எழுதுங்க."